கணுக்கால் வேண்டாம், மற்றதைப் பேசலாம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கணுக்காலில் வண்ணத்துப்பூச்சி டாட்டூவும் மேல்காதில் ஒரு துளையும் வேண்டும் என்று நீ அனுப்பிய செய்தியை அப்பா இரண்டு முறை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிடும் வேலை செய்த டாட்டூ கடைக்குச் சீல் வைத்தார்களே, அந்தச் செய்தி வந்த பழைய பேப்பரைத் தேடி எடுத்து நான் காய் நறுக்கும் இடத்தில் விரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பதில் அவ்வளவுதான். என் பதில் கொஞ்சம் நீளமானது.

நான் தடுக்கப் போவதில்லை. இந்தக் குடும்பத்தில் பிறந்துவிட்டு அதைச் சொல்ல எனக்கு வாயும் கிடையாது. உன் பூட்டி ஆச்சிக்கு இரண்டு முன்கையிலும் கோலமும் தேளுமாகப் பச்சை குத்தியிருந்தது. பாம்படம் போட்டு வளர்த்த காது தோளைத் தொட்டது. பச்சை குத்தும் அம்மாள் ஊருக்குள் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து, ஒரே ஊசியால் தெருப்பெண்கள் எல்லோருக்கும் குத்திவிட்டுப் போவாராம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று ஆச்சி சொல்வார். ஆனவர்கள் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எப்படியானாலும் ஆச்சிக்குச் சர்க்கரை இல்லை. உனக்கு 11 வயதிலிருந்து இன்சுலின். அதனால் மற்ற பெண்கள் கடைக்குப் போய்த்தான் யோசிக்கத் தொடங்குவார்கள் என்றால், நீ ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தோழியின் பிறந்தநாளுக்கு முன்பே குத்திக்கொண்டால் தள்ளுபடி என்று எழுதியிருக்கிறாய். போன முறை உன் ஹெச்பிஏ1சி 8.4. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அவ்வளவு இருக்கும்போது, தோலைத் திறந்துவைக்கும் எந்த வேலையையும் அவசியமில்லாமல் செய்யலாகாது. சர்க்கரை கூடுதலாக இருக்கும் ரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவும் நேரமாகிறது, சேர்ந்தபின் அதை விழுங்கவும் சோம்பல். புண் ஆறுவதும் தாமதம். உன் டாக்டர் வைத்த இலக்கு 7க்குக் கீழே. அதன் பக்கத்தில் வரட்டும், வந்து நிலைக்கட்டும், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அதற்கு மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் அந்த வண்ணத்துப்பூச்சி உனக்குச் சலித்துப்போனாலும் லாபம்தான்.

இனி இடம். கணுக்கால் என்கிறாய். கணுக்கால் மட்டும் வேண்டாம் மீனா. இதில் நான் அசைய மாட்டேன், நீயும் பேரம் பேசாதே. ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவில் நான் பார்த்த வேலையில் பாதி, சர்க்கரை நோயாளிகளின் காலுக்குக் கட்டுக் கட்டுவதுதான். ஒருவருக்குச் செருப்புக் கடித்திருக்கும், இன்னொருவருக்கு நகம் வெட்டும்போது சதை பட்டிருக்கும், பெரியவர் ஒருவர் பாதத்தில் குண்டூசி தைத்திருந்ததே தெரியாமல் பல நாள் நடந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டம் குறைவு, வருடங்கள் போகப் போக உணர்ச்சியும் குறையும். உன் கால் இன்று நன்றாகத்தான் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். அப்படியே இருக்கட்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். கணுக்காலில் புதுப்புண்ணை வைத்துக்கொண்டு ஷூவும் சாக்ஸும் மாட்டி, பெங்களூர் மழைச் சேற்றில் பஸ் பிடிக்க ஓடுவாய். பாதம், கெண்டைக்கால், முன்னங்கால் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

வயிறு, தொடை, மேல்கையின் பின்பக்கம் ஆகியவை உன் இன்சுலின் ஊசிக்கும் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாருக்கும் ஒதுக்கிய இடங்கள். அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தவே உனக்கு இடம் போதவில்லை. அங்கே படம் வரைந்தால் அது ஆறும்வரை அந்தப் பக்கம் ஊசி போட முடியாது. தொப்புள் வளையமும் இதோடு போயிற்று. இடுப்புப் பட்டை உரசிக்கொண்டே இருக்கும், ஆற ஒரு வருடம்கூட ஆகலாம். முன்கையின் உள்பக்கம், தோள்பட்டையின் பின்புறம் இரண்டும் எனக்குச் சம்மதம். சிலர் மணிக்கட்டில் தனக்கு டைப் 1 சர்க்கரை என்றே பச்சை குத்திக்கொள்கிறார்கள். மயங்கிக் கிடக்கும்போது யாராவது பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை. யோசனை நல்லது. ஆனால் பர்ஸில் இருக்கும், உனக்குச் சர்க்கரை என்று சொல்லும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஆம்புலன்ஸில் வருகிறவர் உன் டாட்டூவை வாசித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

காதுக்கு வருவோம். மடலின் மேல்பகுதியில் குத்த ஆசைப்படுகிறாய். ஒரு வயதில் குலதெய்வம் கோயிலில், தாய்மாமா மடியில் உட்காரவைத்து உனக்குக் குத்தியது கீழ்க்காதில். அது வெறும் சதை, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சத்துப் போக வேண்டும். அங்கே சீழ் பிடித்தால் மருந்து போய்ச் சேருவதும் கடினம். சூடோமோனாஸ் என்று ஒரு கிருமி, ஈரமான இடங்களில் வாழ்வது, இந்தத் துளைகளைத் தேடி வரும். கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிப்போகும். நன்றாகப் போனாலும் ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம். நீ கேட்டால் மேல்காதைவிட மூக்கையே நான் சொல்வேன். அதற்கும் சில மாதங்கள் பிடிக்கும், என்றாலும் மேல்காது அளவுக்குப் படுத்தாது.

எங்கே குத்தினாலும் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துப் படக்கென்று அடிக்கிறார்களே, அது வேண்டாம். அதன் பிளாஸ்டிக் உடலை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்க முடியாது. மொன்னையான தோட்டை வேகத்தில் திணிப்பதால் சதை நசுங்குகிறது, குருத்தெலும்பாக இருந்தால் நொறுங்கவும் கூடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உள்துளை ஊசியால் குத்துகிறவரைத் தேடு.

ஆச்சியின் மூக்குத்தி என்னிடம்தான் இருக்கிறது, உனக்குத்தான். ஆனால் முதல் நாளே போடக் கேட்காதே. அது 22 காரட். அவ்வளவு மென்மையான தங்கத்தில் எளிதில் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்குத் தங்கும். புதுத் துளைக்கு உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியம் நல்லது. விலை குறைந்த கவரிங்கில் நிக்கல் இருக்கும், உனக்குக் கைக்கடிகாரப் பட்டையே ஒத்துக்கொள்ளவில்லை.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்காதே, ஆட்டோகிளேவைக் காட்டச் சொல். கருவிகளை 121 டிகிரியில் 15 நிமிடமாவது அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகிற பெட்டி அது. கருவிகளைப் போட்டு வைக்கும் பைகளில் உள்ள அடையாளக் கோடு நிறம் மாறியிருக்க வேண்டும். ஊசிப் பொட்டலத்தை உன் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். மை பெரிய புட்டியிலிருந்து சின்னக் கிண்ணத்துக்கு உனக்கென்று ஊற்றப்பட வேண்டும், மிச்சம் குப்பைக்குப் போக வேண்டும். மையில் குழாய்த் தண்ணீர் கலந்தால் எழுந்து வந்துவிடு. கடை சுத்தமாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு டாட்டூவில் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு கிருமி தொற்றியது. காரணம், ஏற்கெனவே கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மை. பெட்டியிலிருந்து வரும்போதே அதில் கிருமி இருந்தது. அதனால் எந்த மை, எந்தத் தொகுப்பு என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.

உனக்குச் சர்க்கரை என்று குத்துகிறவரிடம் சொல். சொன்னதும் கேள்வி கேட்கிறவர் நல்லவர். "அதெல்லாம் ஒன்றுமில்லை, உட்காருங்கள்" என்கிறவரிடம் உட்காராதே. ரத்தம் வழியே பரவும் ஈரல் நோயான ஹெபடைட்டிஸ் பி வகைக்குத் தடுப்பூசி மூன்று தவணையும் உனக்கு நானே போடவைத்தேன், அட்டை பீரோவில் இருக்கிறது. சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது, அதற்குப் புது ஊசிதான் காவல். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ. வலியும் பதற்றமும் சர்க்கரையை ஏற்றும். நேரம் நீண்டு சாப்பாடு தள்ளிப்போனால் அதுவே இறங்கும். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம். நடுநடுவே பார். 70க்குக் கீழே போனால் வேலையை நிறுத்தச் சொல்லி 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிடு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார். உனக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் என்ன அர்த்தம் என்று கூட வருகிறவளுக்கும் குத்துகிறவருக்கும் முன்கூட்டியே சொல்லிவை.

வீட்டுக்கு வந்தபின் கை கழுவாமல் தொடக் கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பெரியம்மா சொல்லப்போகும் வேப்பிலை அரைப்பு எதுவும் வேண்டாம். துளைக்குச் சலைன், டாட்டூவுக்கு மென்மையான சோப்பும் தண்ணீரும். தோட்டைத் திருகித் திருகிப் பார்க்காதே. நீச்சல் குளம் சில வாரங்களுக்கு இல்லை.

சீழ், பரவும் சிவப்பு, சூடு, காய்ச்சல் இவை எல்லோருக்கும் தெரியும். உனக்கு இன்னொரு அறிகுறி உண்டு. அதே சாப்பாடு, அதே இன்சுலின், ஆனால் சென்சாரில் எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் புண்ணைப் பார். சிவப்பதற்கு முன்பே சர்க்கரை ஏறிவிடலாம். 250ஐத் தாண்டி நின்றால், இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலமான கீட்டோன் இருக்கிறதா என்று பார். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு இரைப்பு வந்தால் எனக்குப் போன் செய்து நேரத்தைக் கழிக்காமல் நேரே கேசுவாலிட்டிக்குப் போ, ஆட்டோவில் இருந்து எனக்குச் சொன்னால் போதும். சாப்பிட முடியவில்லை என்பதற்காக இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதே.

உன்னிடம் இருக்கும் கீட்டோன் பட்டைகள் காலாவதியாகியிருக்கும், நீ டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். புதிதாக ஒன்று வாங்கிக்கொள். பணம் இன்று மாலை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா