இரங்கல் அறிவிப்பு எழுத உட்காரும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிங்கப்பூர்த் தம்பி தங்கைகளே,

பாட்டி தவறிய இரவில் பெரியவர்கள் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொள்வார்கள். புளோக் கீழே பந்தல், ஐயர், மண்டாய் தகனச்சாலைக்குப் பேருந்து. “கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை நீதான், பேப்பருக்கு நீ எழுதிடு” என்று ஒரு வேலை உங்கள் தலையில் விழும். கையில் கிடைத்த பழைய அறிவிப்பில் பெயர்களை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவீர்கள். அதில் தாத்தா பெயர் இருக்கும், மருமகன்கள் பெயர் இருக்கும். பாட்டியோ வெறும் ‘திருமதி’.

முதலில் அவர் பெயர். அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழில் எழுதுவதில்தான் பிழை தொடங்குகிறது. ஆங்கில ‘எல்’ ஒன்றே ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கும். வள்ளியும் வல்லியும் அங்கே ஒரே எழுத்துகள்தான். பெயரின் கடைசியில் வருவது அம்மாளா, அம்மாவா, அம்மையா என்பதையும் அட்டையை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. 2022 மே 29 முதல் வரும் மின்னிலக்க இறப்புச் சான்றிதழும் இதற்கு உதவாது. சமையலறைக்குப் போங்கள். அலமாரியின் மேல்தட்டில், பழைய செய்தித்தாள் சுற்றிய பித்தளைக் குடமோ எவர்சில்வர் தூக்கோ இருக்கக்கூடும். விளிம்பை விரலால் தடவினால் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தட்டுப்படும். சீர் கொடுத்தபோது வெட்டிய பெயர் அது. தந்தை பெயரின் முதலெழுத்தும் சில சமயம் கூடவே இருக்கும். பெயர் வெட்டியவருக்கும் எழுத்துப் பிழை வரும் என்பதால் திருமணப் பத்திரிகையோடு ஒத்துப் பாருங்கள்.

பிறந்த தேதி அட்டையில் ஜனவரி 1 என்றிருந்தால் நம்புவதற்கு முன் விசாரியுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கப்பலில் வந்தவர்களுக்கும் குத்துமதிப்பாகப் பதிந்த தேதிகள் உண்டு. அழ வந்திருக்கும் பாட்டியின் தங்கையிடம் “எந்த வருஷம்” என்று கேட்டால் பதில் வராது. “ஜப்பான்காரன் வந்தப்ப அக்கா நடந்துச்சா, இடுப்புல இருந்துச்சா” என்று கேளுங்கள்; அது 1942 பிப்ரவரி. புக்கிட் ஹோ சுவீ தீவிபத்து 1961 மே, இனக் கலவரம் 1964 ஜூலை. இப்படி இரண்டு மூன்று முளை அடித்தால் ஆண்டு ஏறக்குறையப் பிடிபடும். ஆனால் பிடிபட்டதை ‘சுமார்’ போட்டே எழுதுங்கள்.

திதியில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். சென்னையில் அச்சான பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் இருக்கும். நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். தசமி காலை 9.40 வரை என்று போட்டிருந்தால் இங்கே அது பகல் 12.10 வரை. காலை 11 மணிக்கு உயிர் பிரிந்திருந்தால் தசமியேதான். பஞ்சாங்கத்தை அப்படியே படித்தவர் ஏகாதசி என்று குறித்துவிடுவார், பிறகு ஆண்டுதோறும் திவசம் தப்பான திதியில் நடக்கும். தாத்தா 1982க்கு முன் காலமாகியிருந்தால் கணக்கு வேறு: அப்போது இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரமே இடைவெளி. 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் சிங்கப்பூர் கடிகாரம் அரை மணி முன்னே போனது.

பதினாறாம் நாளுக்கு, இறந்த நாளையே ஒன்று என்று எண்ணுங்கள். 3ஆம் தேதி இறந்தால் காரியம் 18ஆம் தேதி, 19 அல்ல. உங்கள் வீட்டு வழக்கம் பதினொன்றா பதின்மூன்றா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து ‘காலஞ்சென்ற’. “காலஞ்சென்ற கோவிந்தன், ராஜன், செல்வி ஆகியோரின் தாயார்” என்று எழுதினால் மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராஜன் சாம்பிராணி போட்டுக்கொண்டு உங்கள் எதிரிலேயே நிற்பார்! “ராஜன், செல்வி, காலஞ்சென்ற கோவிந்தன்” என்று மாற்றுங்கள். மூத்த மகன் கடைசியில் வருகிறாரே என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். வரட்டும்.

நீங்கள் அப்பத்தா என்று கூப்பிட்டிருந்தால் அப்பத்தா என்றே போடுங்கள். அப்பாயி, அம்மாச்சி, ஆச்சி எதுவானாலும் அப்படித்தான். அந்த ஒரு சொல் அவர் எந்தப் பக்கத்து மனுஷி என்று சொல்லிவிடும். ‘பாட்டி’ அதைச் சொல்லாது.

‘இல்லத்தரசி’யை நாங்கள் வெட்டிவிடச் சொல்வோம். அந்த இடத்தில் உண்மையான ஒரு வரி போதும். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் இடியாப்பம் அவித்து விற்றாரா, தேக்காவில் பூக் கட்டினாரா, 1970களில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தாரா, அதை எழுதுங்கள். நம் தமிழ் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் இருக்கின்றன. என்றோ ஒரு நாள் தேடி வருபவருக்கு அந்த வரிதான் கிடைக்கும்.

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். 5 செ.மீ. அகலப் படத்துக்கு ஏறக்குறைய 600 பிக்சல் வேண்டும். பழைய அச்சுப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் ஓரம் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பாஸ்போர்ட் படத்தை மாலை போடும் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் மாவாகக் கரைந்துவிடும். கல்யாண ஆல்பத்தில் யார் பின்னாலோ சிரித்துக்கொண்டு நிற்கும் படமே மேல்.

அனுப்பும் முன் தாத்தா இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு வாசியுங்கள். திரையை அவரிடம் நீட்டாதீர்கள். அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, சொன்னபடி மாற்றிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
அறிவிப்புகளுக்கு மெய்ப்பு பார்க்கும் சிலர்
சிங்கப்பூர்