அந்த பிஎன்ஆர்ல யார் நம்பர் இருக்கு? விமான கம்பெனிகளுக்கு கீழக்கரைலேர்ந்து ஒரு மடல்

விமான கம்பெனிகள்ல டிக்கெட் சிஸ்டத்தை பாத்துக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

எங்க ஊர் சபுராளி ஊர், அதாவது வெளிநாட்டுக்கு பொழைக்க போறவங்க ஊர். போன மாசம் எங்க காக்கா, அதான் அண்ணன், லீவு முடிஞ்சு துபாய்க்கு கெளம்புனாங்க, உம்மா தொதல், கருவாடு எல்லாம் கட்டி குடுத்து, ராம்நாடு பரமக்குடி தாண்டி மதுரை ஏர்போர்ட்டுக்கு போய் எறங்குனா கவுண்டர் மூடியாச்சு. ஃபிளைட்டை ரெண்டு மணி நேரம் முன்னாடி மாத்திட்டாங்களாம், மெசேஜ் அனுப்பிட்டோம்னு சொல்றாங்க. யாருக்கு? டிக்கெட் போட்ட டிராவல்ஸ் கடை நம்பருக்கு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, கடை பூட்டி கெடந்துச்சு.

அப்புறம்தான் டிக்கெட்டிங் வேலை பாக்குற எங்க மச்சான்ட்ட கேட்டேன். நேரம் மாறுனா உங்க சிஸ்டம் அந்த ஃபிளைட்ல இருக்க ஒவ்வொரு பிஎன்ஆரையும், அதான் புக்கிங் பதிவை, தேடி புடிச்சு டிராவல்ஸ் ஏஜென்ட்டோட க்யூவுல, அதாவது அவர் சிஸ்டத்துல பாக்க வேண்டிய லிஸ்ட்ல, போட்டுருதாம், அவர் அதை தொறந்து பாத்தாதான் எங்களுக்கு சேதி. பயணி செல் நம்பருக்குன்னு அந்த பிஎன்ஆர்லயே சிடிசிஎம்னு தனி எடமே இருக்காம். ஏஜென்ட் பயணிகிட்ட நம்பரை கேட்டு அதுல ஏத்தணும்னு விமான கம்பெனிகளோட உலக சங்கமான ஐயாட்டா 2019லயே விதி கொண்டு வந்தாச்சு. நெறைய கடைல கடை நம்பரையே போட்டு விடுறாங்க. அவங்க பயமும் நியாயம்தான், நம்பரை குடுத்தா அடுத்த தடவை கம்பெனியே நேரா கஸ்டமரை புடிச்சிரும்ல. ஆனா அந்த நம்பரை விக்கிறதுக்கு தொடக்கூடாது, ஃபிளைட் சமாச்சாரத்துக்கு மட்டும்தான்னு அதே விதி சொல்லுது, நீங்க அதை காப்பாத்தி காட்டுனா அவங்க ஏன் மறைக்க போறாங்க?

1960கள்ல அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேந்து சேபர்ங்கிற புக்கிங் சிஸ்டத்தை கொண்டு வந்ததுலேர்ந்து உங்க தொழிலே கம்ப்யூட்டர்லதான் ஓடுது. ஒரே வரிசை சீட்டை எழுத்து எழுத்தா கிளாஸ் பிரிச்சு, பெருநாள் வந்தா வெலைய ஏத்தி, எத்தனை பேர் வரமாட்டாங்கன்னு வரைக்கும் கணக்கு போடுறீங்க. அந்த சிஸ்டத்துக்கு, ஒரே போன் நம்பர் நாப்பது பேர் டிக்கெட்ல இருக்குன்னா அது பயணி நம்பர் இல்லன்னு தெரியாதா? தெரிஞ்ச உடனே ஏஜென்ட்டை கேளுங்க, டிக்கெட் போடுறப்பவே கேளுங்க. நேரம் மாறுனா இங்கிலீஷ் மெசேஜோட நிறுத்தாம தமிழ்ல ஒரு ரெக்கார்டட் கால் போடுங்க, எங்க உம்மா எடுத்தாலும் புரியணும்.

காக்காக்கு நாலு நாள் சம்பளம் போச்சு, புது டிக்கெட் காசு தனி. டிசம்பர்ல வாப்பா உம்ராக்கு போறாங்க, டிக்கெட் போட்டாச்சு. அதுல யார் நம்பர் இருக்குன்னு நாளைக்கு கடைக்கு போய் நான் பாக்குறேன், நீங்களும் உங்க பக்கம் பாருங்க.