சாயல் இல்லாத குரல் என்று ஒன்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில பாப் பாடகர்களைப் பற்றிய இசை விமர்சனங்களில், ஒருவரது குரலில் வட்டாரச் சாயல் துளியும் இல்லை என்பது பாராட்டாகவும், இன்னொருவர் தம் ஊர்ப் பேச்சிலேயே பாடினால் அது வலிந்த முயற்சி என்ற குறையாகவும் எழுதப்படுவதை அடிக்கடி காண்கிறேன். இந்த அளவுகோலே தவறானது என்பது என் கருத்து.

பாடும்போது உச்சரிப்பின் ஒரு பகுதி தானாகவே கரைந்துவிடுவது உண்மைதான். பேச்சின் ஏற்ற இறக்கத்தை மெட்டு எடுத்துக்கொள்கிறது. அசைகளின் நீளத்தைத் தாளம் தீர்மானிக்கிறது. ஆகவே ஒருவரை இன்ன ஊர்க்காரர் என்று காட்டிக்கொடுக்கும் இழுவைக்குப் பாட்டில் பெரிதாக இடமில்லை. ஆனால் உயிரொலிகளும் மெய்யொலிகளும் பாடுபவரின் வசமே இருக்கின்றன. 'பெட்டர்' என்ற சொல்லின் நடுவில் வரும் டகரத்தை அழுத்திச் சொல்வதா, அமெரிக்கர்களைப் போல நாவால் மெல்லத் தட்டிவிட்டுப் போவதா, 'லைஃப்' என்பதை 'லாஃப்' என நீட்டுவதா, ஈற்று ரகரத்தை ஒலிப்பதா விழுங்குவதா என்பதையெல்லாம் எந்த மெட்டும் கட்டாயப்படுத்துவதில்லை.

பிரிட்டன் மொழியியலாளர் பீட்டர் டிரட்ஜில் 1983இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் ஆராய்ந்தார். ராக் இசை அமெரிக்காவிலிருந்து, குறிப்பாக அங்குள்ள கறுப்பின மக்களின் இசை மரபிலிருந்து வந்ததால், பிரிட்டன் பாடகர்கள் தம் பேச்சில் இல்லாத அமெரிக்க ஒலிகளைப் பாட்டில் கைக்கொண்டனர். லிவர்பூலைச் சேர்ந்த பீட்டில்ஸ் குழுவினர், உயிரொலியை அடுத்து வரும் ரகரத்தைப் பேச்சில் ஒலிக்காதவர்கள். இருந்தும் 1963இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத் தொகுப்பில் அந்த ரகரம் தாராளமாகக் கேட்கிறது; 1969 வாக்கில் அநேகமாக மறைந்தே போகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது தொண்டை அல்ல. உலகமே தங்களைப் பின்பற்றத் தொடங்கிய பிறகு அவர்களுக்கு இரவல் ஒலி தேவைப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக அமெரிக்க ஒலியில் பாடுபவர்களைப் போலிகள் என்று தூற்றுவதும் நியாயமாகாது. நியூசிலாந்துப் பாடகர்களை ஆராய்ந்த ஆண்டி கிப்சன், ஒரே சொற்களைப் பாடும்போது அவர்களது உயிரொலிகள் அமெரிக்கப் பாங்கிற்கு நகர்வதையும், பேசும்போது இயல்புக்குத் திரும்புவதையும் காட்டியிருக்கிறார். சிறுவயது முதல் கேட்டுப் பழகிய பாட்டின் ஒலி அதுவாக இருப்பதால், முயலாமலேயே அது வந்துவிடுகிறது. சொந்த ஊர்ப் பேச்சில் பாடுவதற்குத்தான் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கிறது. தம் ஊர்ப் பேச்சின் ரகரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்களுக்குப் பதிலடியாக 1987இல் ஒரு பாடலையே பாடிய ஸ்காட்லாந்தின் புரொக்ளெய்மர்ஸ் சகோதரர்களையும், 2006இல் முதல் தொகுப்பைத் தம் ஊரான, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பேச்சிலேயே பாடி வெளியிட்ட ஆர்க்டிக் மங்கீஸ் குழுவையும் இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். பேச்சுக்கு நெருக்கமான ராப் இசையில் இந்தச் சிக்கல் குறைவு. லண்டன் தெருப்பேச்சில் பாடிய டிஸ்ஸி ராஸ்கல் 2003இல், ஆண்டின் சிறந்த இசைத் தொகுப்புக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்க்குரி பரிசையே வென்றார்.

ஊர்ச் சாயலும் சில வேளைகளில் வேடமாகலாம் என்பதை மறுக்கவில்லை. 1970களின் இறுதியில், ராக் இசையின் கலகக்காரப் பிரிவான பங்க் இசையின் பாடகர்கள் சிலர் உழைக்கும் வர்க்கத்தின் உச்சரிப்பைத் தம் அன்றாடப் பேச்சில் இருந்ததைவிடக் கூட்டியே பாடினார்கள். ஆனால் வேடம் என்ற சந்தேகம் ஷெஃபீல்டுக்காரர் மீது மட்டும் எழுவதும், அமெரிக்கர் போலப் பாடும் லண்டன்காரர் மீது எழாததும் எப்படிச் சரியாகும்?

எனவே தங்கள் இசைப் பக்கத்தில் எழுதுவோர், 'சாயலே இல்லை' என்று எழுதும் இடத்தில் 'அமெரிக்கச் சாயலில் பாடுகிறார்' என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது பாட்டுக்குப் பொருந்துகிறதா என்பதை அதன் பிறகு தாராளமாக விவாதிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்