புகார்: சாயமிட்ட ஹவுலைட்டை "நிஷாபூர் பெரோஸா" என விற்றமை

காத்தான்குடி
2025.03.20

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

பெப்ரவரி 6ஆம் திகதி தங்கள் மட்டக்களப்புக் கிளையில் 12க்கு 10 மில்லிமீற்றர் நீள்வட்டப் பெரோஸாக் கற்கள், அதாவது டர்க்கைஸ் எனும் நீலக் கற்கள், 36 வாங்கினோம். கல் ஒன்று 1,850 ரூபா, மொத்தம் 66,600 ரூபா. "இயற்கை, நிஷாபூர், சாயமில்லை" என்று, அதாவது ஈரானின் நிஷாபூர்க் கல் என்று, பில்லில் எழுதித் தந்திருக்கிறீர்கள். வந்திருப்பது பெரோஸாவே இல்லை, நீலச் சாயம் ஏற்றிய ஹவுலைட் என்ற வெள்ளைக் கல். ஹவுலைட்டும் இயற்கையில் கிடைக்கிற கல்தானே என்று தயவுசெய்து வாதாட வேண்டாம்.

இவற்றில் 14 கற்கள் வெள்ளி மோதிரங்களில் கட்டப்பட்டு வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டன. தொழுகைக்காகக் கழுவி ஒழு எடுக்கிற கை ஒரு நாளைக்கு ஐந்து வேளை நனையும். மூன்றாம் கிழமையிலேயே 5 மோதிரங்கள் திரும்பி வந்தன. ஐந்திலும் கல்லின் உச்சி வெளிறி, வெள்ளித் தகடு மூடிய ஓரத்தில் மட்டும் நீலம் மிச்சமிருந்தது.

"சவர்க்காரம் பட்டால் அசல் பெரோஸாவும் நிறம் மாறும்தானே" என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். மாறும். நுண்துளையுள்ள கல் என்பதால் எண்ணெய், வியர்வை, சவர்க்காரம் எல்லாம் உள்ளே இறங்கி, நாட்பட நாட்பட பச்சை தட்டும். வெள்ளையாகாது. அசலின் நீலம் கல்லோடு பிறந்த செம்பிலிருந்து வருவது, தண்ணீரில் கழுவிப்போகிற நிறமில்லை. கட்டும்போது விளிம்புத் தகட்டை அழுத்தியதில் உடைந்த ஒரு கல் எங்களிடம் இருக்கிறது. அரை மில்லிமீற்றர்கூட இல்லாத நீலத் தோல், உள்ளே உரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெள்ளை. அதைப் பார்த்த பிறகு வேறு சோதனையே தேவையில்லை. ஆனாலும் தாங்கள் கேட்பீர்கள் என்று செய்து பார்த்தோம்.

கட்டாத கற்களில் 12ஐச் சேர்த்து நகைத் தராசில் நிறுத்தோம்: 9.80 கிராம். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரைத் தராசில் வைத்து, வெறும் வலைத்துணியை அதில் தொங்கவிட்டுப் பூச்சியமாக்கினோம். கற்களை அதே வலையில் கட்டி, அடியில் முட்டாமலும் காற்றுக் குமிழி ஒட்டாமலும் முன்போலவே தொங்கவிட்டபோது தராசு 3.80 காட்டியது. அந்த 3.80 கற்கள் விலக்கிய தண்ணீரின் நிறை. 9.80ஐ 3.80ஆல் வகுத்தால் கல்லின் அடர்த்தி 2.58. நல்ல பெரோஸா 2.7 அளவில் நிற்கும், ஹவுலைட் 2.53க்கும் 2.59க்கும் இடையில். ஒற்றைக் கல்லை நிறுத்தால் தராசின் சிறு பிழையே விடையை மாற்றிவிடும் என்பதால்தான் பன்னிரண்டையும் சேர்த்தோம்.

அசிட்டோன் நனைத்த பஞ்சால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்ததும் பஞ்சு நீலமாகியது. இது சாயத்தை மட்டும்தான் காட்டும், ஏனென்றால் அசல் பெரோஸாவுக்கும் சாயம் ஏற்றுகிறவர்கள் உண்டு. இரும்பு ஊசியால் கீறினால் வெள்ளைக் கோடு ஆழமாக விழுகிறது. கல்லின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் ஹவுலைட்டுக்கு 3.5, பெரோஸாவுக்கு 5 முதல் 6 வரை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொன்னார் தங்கள் ஊழியர். அது பிளாஸ்டிக்கைப் பிடிக்கிற வழி, ஹவுலைட்டில் ஒன்றும் மணக்காது. பிசின் ஏற்றிய அசல் கல்லோ அதில் நாறிப் பழியை ஏற்கும்.

"கறுப்புக் கோடு ஓடுகிறது, ஆகவே அசல்" என்பதும் செல்லாது. ஹவுலைட்டிலும் சிலந்திவலை போல் கோடுகள் இயற்கையாகவே ஓடும். பெரோஸாவுக்குப் பதிலாக இதைச் சாயமிடுவதே அதனால்தான்.

மாற்றாக, "சுரங்கத்திலிருந்து புதிதாக வந்த" ஸ்லீப்பிங் பியூட்டி கல்லை 900 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறீர்கள். அரிசோனாவிலுள்ள அந்தச் சுரங்கத்தில் பெரோஸா எடுப்பது 2012இலேயே நின்றுவிட்டது. வேண்டாம்.

பதனிட்ட கல்லே கூடாது என்பதல்ல எங்கள் கட்சி. பிசின் ஏற்றி இறுக்கிய பெரோஸா தினமும் போடும் மோதிரத்துக்கு நல்லதுதான், பதனிடாத மென்மையான கல்லைவிட நீண்ட நாள் உழைக்கும். அதைப் பில்லில் அப்படியே எழுதி, அதற்குரிய விலைக்குத் தந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. சாயமிட்ட ஹவுலைட்டுக்கும் வாங்க ஆள் உண்டு, 1,850 ரூபாவுக்கு இல்லை.

நாங்கள் கேட்பது: கல்லின் விலை 66,600 ரூபா, 14 மோதிரங்களிலும் கல்லைக் கழற்றி மாற்றிக் கட்டும் கூலி மோதிரத்துக்கு 1,200 வீதம் 16,800 ரூபா, ஆக 83,400 ரூபா. பணம் கைக்கு வந்ததும் கட்டாத 21 கற்களும் உடைந்த கல்லும் தங்களிடம் ஒப்படைக்கப்படும். மோதிரக் கற்கள் கழற்றக் கழற்ற வந்து சேரும்.

எங்கள் சோதனையில் நம்பிக்கை இல்லையென்றால், இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரையிட்ட பொதியில் 2 கற்களைக் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். பெரோஸா என்று அறிக்கை வந்தால் கட்டணம் எங்களுடையது, இல்லையென்றால் தங்களுடையது.

ஏப்ரல் 10க்குள் எழுத்தில் பதில் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். எங்களுக்கு அந்தத் தவணை மே மாத முதற் கிழமையில் முடிகிறது. பில்லின் பிரதி, உடைந்த கல்லின் படம், நீலமான பஞ்சு ஆகியவை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
வெள்ளி நகைப் பட்டறையினர்
காத்தான்குடி