ஜப்பானை மட்டும் காட்டும் நேவிகேஷன் திரை: முறைப்பாடு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா/அம்மணி,

உங்கள் யாழ்ப்பாணக் காட்சியறையில் நான் வாங்கிய, ஜப்பானில் ஓடிய பின் இங்கே இறக்குமதியான ரீகண்டிஷன் ஹைபிரிட் கார் நன்றாகவே ஓடுகிறது. எஞ்சின், பற்றரி, ஏசி எதிலும் குறை இல்லை. குறை நடுவில் பூட்டியிருக்கும் நேவிகேஷன் திரையில்தான்.

இதே ரகத்தில் நேவிகேஷன் இல்லாத காரும் அன்று அங்கே நின்றது, விலையும் குறைவு. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கு, "நேவிகேஷன் இருக்குதெல்லோ அண்ணை, ஒரு கார்ட் போட்டால் இலங்கை மப் வந்திடும்" என்றார் உங்கள் விற்பனையாளர். கார்ட் இன்றுவரை வரவில்லை. ஜப்பான் சந்தைக்கென்றே செய்த இந்தத் திரைக்கு அப்படியொரு கார்ட் கிடையாது என்கிறார் இங்கே கார் செட் பூட்டுபவர். பட்டன்கள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில். காரை ஸ்டார்ட் செய்தால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறது. விசாரித்தால், அங்குள்ள அதிவேக வீதிகளில் கட்டணம் கட்டும் ஈரிசி கார்டைப் போடவில்லையாம்! யாழ்ப்பாணத்துக்கு இன்னும் அதிவேக வீதியே வரவில்லை.

உங்கள் கொழும்பு அலுவலகத்துக்குக் கோல் எடுத்தபோது, "இப்ப எல்லாரும் போன்லதானே பாக்கிறாங்க" என்று பதில் வந்தது. உண்மைதான். புதிதாகத் திறந்த பாதையும் ஒருவழியாக்கிய தெருவும் போனில்தான் முதலில் தெரியும். மப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னலும் தேவையில்லை. ஆனால் மத்தியான வெயிலில் ஆனையிறவு தாண்டும்போது கண்ணாடியில் ஒட்டிய போன் சூடேறி மங்கிவிடுகிறது. கோல் வந்தால் மப் மறைந்துவிடுகிறது. ஏ9 வீதியில் பஸ்ஸும் லொறியும் முந்திக்கொண்டு வரும்போது அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்ப்பது ஆபத்து. எனக்கு வேண்டியது போனின் மப், காரின் பெரிய திரையில். குரலும் காரின் ஸ்பீக்கரில். அன்ட்ரொயிட் ஓட்டோ, கார்ப்ளே எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. இந்தத் திரையில் இரண்டும் இல்லை.

சரி, நானே வேறு செட் மாற்றலாம் என்றால், வயரில் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்கிறீர்கள். பின் கமராவும் ஸ்டியரிங் பட்டன்களும் இதே செட்டோடுதான் இணைந்திருக்கின்றன.

ஆகவே, கமராவும் பட்டன்களும் வேலை செய்யும்படி, போனை இணைக்கக்கூடிய செட் ஒன்றை உங்கள் செலவில், உத்தரவாதம் கெடாமல் பூட்டித் தாருங்கள். முடியாதென்றால், நேவிகேஷனுக்காகக் கூட்டி வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். இலவச சேர்விஸ் கூப்பன் எதுவும் வேண்டாம்.

விளம்பரத்தின் படமும் பற்றுச்சீட்டின் பிரதியும் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் இதே கடிதத்தைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்