பில்லில் புதிதாக வந்திருக்கும் ஜி.எஸ்.டி. பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று மாதங்களாக நமது பாத்திரக் கடையின் பில்லில் விலைக்குக் கீழே ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை தனியாக அச்சாகி வருகிறது. இதைக் குறித்துப் பலர் கேட்டுவிட்டீர்கள். வேலந்தாவளத்திலிருந்து நெடுங்காலமாக வரும் அம்மா ஒருவர், "உங்கள் அப்பா ஒரே விலைதான் சொல்லுவார், நீ விலையும் சொல்லி வரியும் சொல்கிறாயே" என்று கல்லாவின் முன்னால் நின்று உரிமையோடு கடிந்துகொண்டார். பொள்ளாச்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுக்கும் ஒருவரோ, ஆன்லைனில் விற்கும் யாரும் வரி கேட்பதில்லை என்றும், பில் இல்லாமல் அந்தத் தொகையைக் கழித்துக் கொடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் ஒரே மடலாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து நாங்கள் காம்போசிஷன் திட்டத்தில்தான் இருந்தோம். அந்தத் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரி, மொத்த விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து அரசுக்குக் கட்டிவிட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று எதையும் தனியாக வாங்கக் கூடாது. தன் மாநில எல்லையைத் தாண்டிப் பொருள் விற்கவும் கூடாது. கேரளத்தின் எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு கல்லாவில் மட்டும் விற்கும் வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கத்திலிருந்து சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் போனிலேயே ஆர்டர் வரத் தொடங்கியபோது, பார்சல் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கோபாலபுரத்தைத் தாண்டினால் அது வெளிமாநில விற்பனையாகிவிடும் என்று ஆடிட்டர் எச்சரித்தார். ஆகவே காம்போசிஷனை விட்டுவிட்டு வழக்கமான பதிவுக்கு மாறினோம். அன்றிலிருந்துதான் வரி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரிகிறது என்றுதான் எழுதினோம். புதிதாகச் சேர்ந்தது என்று எழுதவில்லை. ஒரு பெரிய எவர்சில்வர் இட்லிப் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் மொத்த வியாபாரியிடம் அதன் விலை 1,600 ரூபாய், அதன் மேல் 5 சதவீத வரி 80 ரூபாய், ஆக 1,680. முன்பு இந்த 80 ரூபாயை எங்களால் எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அது அடக்க விலையோடு கரைந்துவிடும். அதை 2,000 ரூபாய்க்கு விற்று, அதிலிருந்து 20 ரூபாயை அரசுக்குக் கட்டினால், எங்களுக்கு நிற்பது 300. இப்போது அதே பானைக்கு விலை 1,900, வரி 95, மொத்தம் 1,995 என்று பில் போடுகிறோம். உங்களிடம் வாங்கிய 95-இல், கோவையில் ஏற்கெனவே கட்டிய 80-ஐ வரவு வைத்துக்கொண்டு, மீதி 15 ரூபாயை அரசுக்குக் கட்டுகிறோம். எங்களுக்கு நிற்பது அதே 300. உங்களுக்கு 5 ரூபாய் குறைவு. வேலந்தாவளத்து அம்மாவிடம் இந்தக் கணக்கைத் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டியபோது, "அப்படியானால் உன் அப்பா என்னிடம் வரி வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்" என்றார். வாங்கினார் என்பது உண்மைதான். அவர் கட்டிய வரியை உங்களிடமிருந்து விலையாக வாங்கினார். எல்லாப் பொருளுக்கும் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக அமைந்துவிடாது. அடக்க விலைக்கு மேல் கூடுதலாக விலை வைக்கும் சில சாமான்களில் நாலைந்து ரூபாய் ஏறியும் இருக்கலாம். பாத்திரங்களுக்கு முன்பு 12 சதவீதமாக இருந்த வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கியதால் இந்த மாற்றம் எளிதாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து, ஆன்லைனில் வரி இல்லை என்ற பேச்சு. பெரிய விற்பனைத் தளங்களில் நீங்கள் காணும் விலை, வரியையும் உள்ளே வைத்துச் சொல்லப்படும் விலை. வந்து இறங்கிய பெட்டிக்குள் இருக்கும் பில்லை எடுத்துப் பார்த்தால், எங்கள் பில்லில் இருப்பது போலவே விலை வேறாகவும் வரி வேறாகவும் பிரித்திருப்பார்கள். அதோடு, தளத்தை நடத்தும் நிறுவனம் அங்கே விற்பவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்திலிருந்து ஒரு சிறு பங்கைப் பிடித்து, விற்றவர் கணக்கில் நேரடியாக அரசுக்குக் கட்டவேண்டும். 2018 அக்டோபரில் 1 சதவீதமாகத் தொடங்கிய இந்தப் பிடித்தம், 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதமாக இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் யார் எவ்வளவு விற்றார் என்பது அரசின் பார்வைக்கு வந்துவிடுவதால், அங்கே விற்பனையை மறைப்பது கல்லாவில் மறைப்பதைவிடக் கடினம். வரி விஷயத்தில் அந்தத் தளங்கள் மீது எங்களுக்குப் புகார் இல்லை. அவர்கள் கொடுக்கும் தள்ளுபடியோடு போட்டிபோட முடியாமல் திணறுகிறோம் என்பது வேறு கதை.

வரி கேட்காமல் விற்பவர்கள் இல்லாமலும் இல்லை. போனில் படம் அனுப்பி, பணத்தை வாங்கிக்கொண்டு, பில் இல்லாமல் பார்சல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், கேரளத்துக்குள்ளேயே பொருள் விற்கும் ஒருவர், ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது. எங்கள் நிலைமை அதுவல்ல. நாங்கள் வாங்கும் ஒவ்வொரு கரண்டியும் மொத்த வியாபாரியின் கணக்கு வழியாக எங்கள் பெயரில் பதிவாகிறது. வாங்கியது கணக்கில் இருந்து, விற்றது கணக்கில் இல்லாமல், சரக்கும் கடையில் இல்லாமல் போனால், அதற்கு நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும். உங்களுக்கும் அதில் நஷ்டம் உண்டு: குக்கருக்கோ மிக்ஸிக்கோ உத்தரவாதம் கேட்டுப் போனால், கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது பில்லைத்தான். ஆகவே பில் இல்லாமல் விலை குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

எங்கிருந்து விற்றாலும், எதன் வழியாக விற்றாலும், பொருள் ஒன்றாக இருந்தால் வரியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் எண்ணம். எல்லையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பாடப்புத்தகத்து விஷயமல்ல. ஜி.எஸ்.டி.க்கு முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வரி விகிதம் மாறும். எந்தப் பொருள் எந்தப் பக்கம் மலிவு என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, எல்லை தாண்டி விற்ற பொருளின் வரி, பொருள் கிளம்பிய மாநிலத்துக்கே போகும். பொருளைப் பயன்படுத்தும் மாநிலத்துக்கு அதில் பங்கு கிடையாது. இப்போது அது தலைகீழாகிவிட்டது. பொள்ளாச்சிக்கு நாங்கள் அனுப்பும் பானைக்கு ஐ.ஜி.எஸ்.டி. (வெளிமாநில விற்பனைக்கான ஜி.எஸ்.டி.) என்று வாங்கும் 95 ரூபாயில், மாநிலத்துக்கு உரிய பாதி தமிழ்நாட்டுக்குப் போய்ச்சேர்கிறது. உங்கள் ஊர்ச் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உரிய பணத்தைத்தான் நாங்கள் இங்கிருந்து வசூலித்து அனுப்புகிறோம்.

அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் இழுத்தது. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத விற்பனையாளரை அந்த மாநிலத்துக்காக விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1992-இல் குவில் வழக்கில் சொன்னது. இணைய விற்பனை பெருகியபின், 2018-இல் வேஃபேர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமுமாக நின்று அதை மாற்றியது. அந்த வழக்குக்குக் காரணமான தெற்கு டகோட்டா மாநிலச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்தது வேறொன்று: ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேலோ, 200 தனித்தனி விற்பனைகளோ அந்த மாநிலத்துக்குள் செய்தவர்களைத்தான் அது கட்டாயப்படுத்தியது. சிறியவர்களை விட்டுவிட்டது.

நம் சட்டத்தில் எங்களுக்கு இருக்கும் குறையும் அந்த இடத்தில்தான். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்கும் ஒருவர், பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு எடுத்தாக வேண்டும். 40 லட்சம் என்ற வரம்பு அவருக்கு இல்லை. எங்கள் தெருவில் ஒரு சகோதரி மாங்காய் ஊறுகாய் போடுகிறார். அவர் அதைக் காசர்கோடு வரைக்கும் தாராளமாக அனுப்பலாம்; பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பொள்ளாச்சிக்கு, தன் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்று அனுப்பவேண்டுமென்றால் பதிவும், கணக்குத் தாக்கலும், ஆடிட்டர் கூலியும். சேவை தருபவர்களுக்கு மாநிலம் தாண்டினாலும் 20 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு, கைவினைப் பொருட்களுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், ஊறுகாய்க்கு இல்லை. பாறசாலையிலிருந்து குமுளி, வாளையாறு வரை எல்லை ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த விதி செய்யும் தொல்லை, மாநிலத்தின் நடுவில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. எல்லா விற்பனையாளரும் வரி வசூலிக்கவேண்டும் என்று நாங்கள் சொல்லும்போது, அந்தச் சகோதரியைச் சேர்த்துச் சொல்லவில்லை.

கடைசியாக, முகவரியைப் பற்றி. தமிழ்நாட்டிலிருந்து கடைக்கு நேரில் வருகிறவர்களிடமும் ஊர்ப்பெயரை ஏன் கேட்கிறோம் என்று சிலர் சங்கடப்பட்டீர்கள். 2023 அக்டோபர் 1 முதல், பதிவு இல்லாத வாடிக்கையாளரின் முகவரி பில்லில் இருந்தால் அந்த மாநிலத்துக்கு உரிய வரியும், முகவரி இல்லாவிட்டால் கடை இருக்கும் மாநிலத்துக்கு உரிய வரியும் போடவேண்டும் என்பது விதி. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாகத்தான் கணக்கு. நீங்கள் கொடுக்கும் தொகை இரண்டிலும் ஒன்றே. சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்லவேண்டாம். கேரளக் கணக்கில் பில் போட்டுவிடுவோம்.

இதில் எங்கள் பக்கத்திலும் ஒரு தவறு நடந்துவிட்டது. மாறிய முதல் வாரத்தில் தமிழ்நாட்டுக்கு அனுப்பிய 9 பார்சல்களுக்கு, கம்ப்யூட்டரில் மாநிலத்தை மாற்றாமல், ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பதிலாகக் கேரளத்துக்கு உரிய வரியைப் போட்டுவிட்டோம். அந்த மாதக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகுதான் அது தெரிந்தது. சரியான வரியை மறுபடியும் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். அந்த 9 பேரும் கூடுதலாக ஒரு ரூபாயும் தரவேண்டியதில்லை. திருத்திய பில் இந்த வாரமே வாட்ஸ்அப்பில் வந்துசேரும். பழைய பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இனி ஆர்டர் அனுப்பும்போது பெயருக்குக் கீழே ஊர், மாநிலம், பின்கோடு ஆகிய மூன்றையும் எழுதி அனுப்பினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை