ஃபைபரை எடுத்துவிட்டுக் கம்பியில்லா இணைப்புக்கு மாறலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக, இணைய இணைப்பு தரும் எங்கள் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பொள்ளாச்சி நகருக்குள் இருப்பவர்கள், மொட்டை மாடியில் ஒரு பெட்டியை வைத்தாலே 5ஜி இணைப்பு வரும்போது வீட்டுக்குள் ஃபைபர் கேபிள் (கண்ணாடி இழை) எதற்கு என்று கேட்கிறார்கள். ஆனைமலை, கோட்டூர்ப் பக்கம் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களோ, எங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் டவரிலிருந்து காற்றுவழியே இணையம் வாங்கும் டிஷ், ஃபைபர் எப்போது வரும் என்கிறார்கள். இரண்டு தரப்பாருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுத்தில் விளக்குவதே முறை என்று கருதினோம். ஃபைபர், டிஷ் இரண்டையும் நாங்களே தருகிறோம் என்றாலும் எங்கள் முதலீட்டில் பெரும்பங்கு ஃபைபரில்தான் முடங்கியிருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டுகிறோம்.

முதலில், 5ஜி வீட்டு இணைப்பு வெறும் விளம்பரமன்று. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியது. மறு ஆண்டே இரண்டு பெரிய நிறுவனங்கள் அதை வீட்டு பிராட்பேண்டாகவும் விற்கத் தொடங்கின. பள்ளம் தோண்ட வேண்டாம், கம்பத்துக்கு அனுமதி வாங்க வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். காலை பத்து மணிக்கு வேகத்தைச் சோதித்து 300 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 300 மெகாபிட்) வருகிறது என்று எங்களிடம் படம் காட்டுபவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த வேகம் யாருக்கும் தனியாக ஒதுக்கப்பட்டதன்று. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 100 மெகாஹெர்ட்ஸ் அகல அலைக்கற்றையைப் பயன்படுத்தும் ஒரு டவர், ஒரு திசையில் ஏறத்தாழ ஒரு ஜி.பி.பி.எஸ். (ஆயிரம் எம்.பி.பி.எஸ்.) அளவுக்குத் தரவை இறக்கித் தர முடியும். அந்தத் திசையில் உள்ள கைபேசிகளும் வீடுகளும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கைபேசிக்காரர் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டுத் தொலைக்காட்சியோ ஓடத் தொடங்கினால் மூன்று மணி நேரம் ஓடும். ஆகவே புதிய இணைப்பைச் சோதிக்க நினைப்பவர்கள், இரவு ஏழு மணி முதல் பத்து மணிக்குள் ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மேலும், இந்த அலைவரிசையில் தரவை ஏற்றுவதும் (அப்லோட்) இறக்குவதும் (டவுன்லோட்) ஒரே அலையில் மாறி மாறி நடக்கின்றன. நேரத்தின் பெரும்பகுதி இறக்குவதற்கே ஒதுக்கப்படுகிறது. படம் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கண்காணிப்புக் கேமரா வைத்திருப்பவருக்கும் இணையவழி வகுப்பு எடுப்பவருக்கும் தெரியும்.

இன்னொன்று. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்கிறது. காற்றில் ரேடியோ அலையின் வேகம் 3 லட்சம் கிலோமீட்டர். அப்படியிருந்தும் இணையத்தில் விளையாடும் பிள்ளைகள் ஃபைபரைத்தான் கேட்கிறார்கள். காற்றில் முறைக்காகக் காத்திருப்பதிலும், சிதைந்துபோன தகவலை மறுபடி அனுப்புவதிலும் கழியும் நேரமே அதற்குக் காரணம்.

இனித் தோட்டத்து வீடுகள். அங்கே நாங்கள் பொருத்தியிருக்கும் டிஷ் 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகிறது. அதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் கட்டணம் குறைவு. அதே காரணத்தால் யார் வேண்டுமானாலும் அதில் குறுக்கிடலாம். டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. இரண்டு கிலோமீட்டர் இணைப்பில், டிஷ்ஷுக்கும் டவருக்கும் இடையிலான நேர்கோட்டைச் சுற்றி, நடுவழியில் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குத் தடையற்ற வெளி வேண்டும். தென்னையோ ஆண்டுதோறும் உயர்கிறது. பொருத்திய அன்று நன்றாக ஓடிய இணைப்பு மூன்றாம் ஆண்டில் தளர்வதற்கு, பெரும்பாலும் எங்கள் கருவியைவிட உங்கள் மரமே காரணம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மட்டை ஆடும். நனைந்த ஓலை காய்ந்த ஓலையைவிட அதிகமாக அலையை விழுங்கும். கம்பம் அரை அங்குலம் திரும்பினாலும் போதும், டிஷ்ஷின் குறி தவறிவிடும்.

ஃபைபருக்கு மரமும் மழையும் பொருட்டல்ல. ஆனால் அதிலும் பங்கீடு உண்டு என்பதை மறைக்கக்கூடாது. நாங்கள் பயன்படுத்தும் ஜிபான் என்னும் ஃபைபர் முறையில் ஒரே இழையில் வரும் சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ். 32 வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லா வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு ஏறத்தாழ 78 எம்.பி.பி.எஸ். கிடைக்கும். நாளை தேவை பெருகினால், இழையைத் தொடாமல் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளை மட்டும் மாற்றி 10 ஜி.பி.பி.எஸ். வரை கொண்டுபோகலாம். ஃபைபரின் பகைவர்கள் ஜேசிபியும் அணிலும். இழை அறுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். அறுந்த இடத்தைத் தேடி ஸ்பிளைஸ் போட்டு (இழை முனைகளை ஒட்டி) முடிக்க அரை நாள் ஆகிவிடுகிறது. அந்த அரை நாளில் கம்பியில்லா இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், அது நியாயமே.

ஆகவே, வாசல் வரை ஃபைபர் வந்துவிட்ட வீட்டில் அதை எடுத்துவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வாடகை வீட்டில் ஓராண்டு மட்டும் இருப்பவர்களுக்கும், ஒரு மணி நேரம்கூட இணைப்பின்றி இருக்க இயலாத கடைக்காரர்களுக்கும் 5ஜி பெட்டி உதவும்; கடைக்காரர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து வீடுகளைப் பொறுத்தவரை, ஒரே ஒரு வீட்டுக்காக இரண்டு கிலோமீட்டர் இழை இழுப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரே வழித்தடத்தில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால், கம்பங்களை எண்ணிப் பார்த்துச் செலவை எழுத்தில் தருகிறோம். அதுவரை டிஷ்தான்.

வைகாசி முடிவதற்குள் எங்கள் ஆட்கள் எல்லாத் தோட்டங்களுக்கும் வந்து டிஷ்ஷின் திசையைச் சரிபார்ப்பார்கள். அதற்குக் கட்டணமில்லை. குறுக்கே நிற்கும் மட்டைகளை வெட்ட மரம் ஏறுபவரை மட்டும் அன்றைக்கு நீங்கள் ஏற்பாடு செய்து வைத்தால் வேலை ஒரே நாளில் முடியும்.

இப்படிக்கு,
நிறுவனத்தார்,
பொள்ளாச்சி